நடையில் கழற்றிய செருப்பு

(இராஜபாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடையேறுவதற்கு முன் பத்து நிமிடம் வாசலில் நின்று, நீங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்ற தம்பிக்கு என்மேல் சந்தேகம். புதுசாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போகப்போகிறான் என்று நினைத்திருப்பார். எனக்கு வேண்டியதோ பழசு. கைரேகை பார்க்கிறவருக்கு உள்ளங்கை எப்படியோ, எனக்குத் தேய்ந்த செருப்பு அப்படி.

பெரும்பாலானவற்றில் குதிகாலின் பின்பக்கத்து வெளி ஓரம் தேய்ந்திருந்தது. அது நல்ல தேய்மானம். தரையை முதலில் தொடுவது அந்த ஓரம்தான். நாலைந்து ஜோடிகளில் உள் ஓரம் போயிருந்தது. பாதத்தின் வளைவு இறங்கியவர்கள். ஒரே ஒரு ஜோடி என்னை நிறுத்தியது. வலது செருப்பு ஊரார் செருப்பைப் போலத்தான் இருந்தது. இடதில் குதிகால் புதுசு மாதிரி. முனை மட்டும் கரைந்து கரைந்து, வார் மாட்டும் குமிழ் வரை வந்துவிட்டது. அதற்குச் சொந்தக்காரர் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று கேட்கமாட்டேன்.

நான் காலிப்பர் செய்கிறவன். படித்த படிப்பின் பெயர் நீளமானது. என் அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது ‘காலுக்குக் கம்பி போடுறவன்’ என்று. அதுவே போதும். அப்பா இந்த ஊர் நூற்பாலை ஒன்றில் சைடு பார்த்தவர். அறுந்த நூலை ஒட்டுவதற்காக ஒரு ஷிப்டு முழுக்க இயந்திரங்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருப்பார். மாலையில் வந்து காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு படுப்பார். நடை என்பது உடம்பு செய்கிற வேலை, அதற்கும் கூலி உண்டு என்று எனக்கு முதலில் தெரிந்தது அந்தச் சுவரில்தான்.

‘நடை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கால் போகிற விதம் நடை. எழுதுகிறவரின் பாணியும் நடை. கடைக்கு ஒரு தரம் போய்வந்தால் ஒரு நடை. கோயிலில் நடை திறக்கிறார்கள், சாத்துகிறார்கள். பழைய வீட்டில் தெருவாசலுக்கும் முற்றத்துக்கும் இடையே உள்ள இடமும் நடைதான். செருப்பைக் கழற்றிவிடுகிற இடம். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் எனக்குத் தலைவலி கொடுப்பது முதல் நடையைவிடக் கடைசியாகச் சொன்ன நடை. ஏன் என்று சொல்வதற்கு முன், ஆரோக்கியமான கால் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும்வரை ஒரு சுற்று. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு விநாடி. அதில் 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் இருக்கிறது, 40 சதவீதம் காற்றில் வீசிப் போகிறது. இரண்டு காலும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை, பத்துப் பத்து சதவீதம் வரும். வயதானவர்களுக்கும் விழப் பயப்படுகிறவர்களுக்கும் அந்த நேரம் நீளும். ஓட்டத்தில் அது இல்லாமலே போய்விடும்.

வீசிப் போகிற காலின் பெருவிரலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சென்டிமீட்டர், போனால் ஒன்றரை, இரண்டு. அவ்வளவுதான். அந்த ஒரு சென்டிமீட்டருக்காக முழங்கால் 60 டிகிரி மடங்குகிறது, கணுக்கால் பாதத்தை மேலே தூக்கிப் பிடிக்கிறது, இடுப்பு காலை முன்னே இழுக்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் செருப்பு முனை தரையில் உரசும். வாசலில் நான் பார்த்த இடது செருப்பு தினமும் எழுதி வைத்த கணக்கு அதுதான்.

தரையில் ஊன்றிய கால் சும்மா நிற்பதில்லை, உருள்கிறது. முதலில் குதிகாலின் மேல் உருளும். பாதம் படிந்தபின் கணுக்காலின் மேல் கணைக்கால் முன்னோக்கி உருளும். கடைசியில் குதிகால் தூக்கி, விரல்களின் அடிமேட்டில் உருளும். இந்த மூன்று உருளல்களையும் பிரித்துக் காட்டியவர் ஜாக்குலின் பெர்ரி என்ற அமெரிக்க மருத்துவர். கலிஃபோர்னியாவில் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் போலியோ நோயாளிகளை வருடக்கணக்கில் பார்த்தவர். எந்தத் தசை போனால் எந்த உருளல் கெடும் என்று அவர்களின் நடையிலிருந்தே கற்றுக்கொண்டார். குதிகாலில் உருளுவது எல்லா விலங்குக்கும் வாய்க்காது. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய நம் இராஜபாளையம் நாயைப் பாருங்கள். அதன் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவதைப் பலரும் முழங்கால் என்கிறார்கள். அது கணுக்கால். நாய் வாழ்நாள் முழுவதும் விரலில் நடக்கிறது. அதற்குக் குதிகால் தரையில் படுவதே இல்லை.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ஆடிப்பூரத் தேர் பார்க்காதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். அந்த மலையைத் திருப்புவதும் நிறுத்துவதும் யார்? சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். ஆப்பு வடிவத்தில் ஒரு மரக்கட்டை. எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் என்பதுதான் அவருடைய வித்தை. கட்டை கிடப்பது தரையில். திரும்புவது உச்சியில் இருக்கிற கலசம். நான் செய்கிற வேலையை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதத்துக்குக் கீழே கொஞ்சம் உயரம், கணுக்காலில் கொஞ்சம் கோணம். அதில் திரும்புவது முழங்கால், இடுப்பு, முதுகு, சில சமயம் முகம்.

அது எப்படி? நாம் தரையை மிதிக்கும்போது தரையும் நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. சாதாரண நடையில் அந்தத் தள்ளல் உடல் எடையைவிடச் சற்று அதிகமாகவே, 110 முதல் 120 சதவீதம் வரை ஏறி இறங்கும். அதை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்திலிருந்து கிளம்பி மேலே போகிற கோடு. அது முழங்காலுக்கு முன்னால் போனால் முழங்கால் பின்பக்கம் தள்ளப்பட்டு நேராகும். பின்னால் போனால் முழங்கால் மடியப் பார்க்கும். மடியாமல் பிடிக்கத் தொடைத் தசை வேண்டும். காலிப்பர் செய்கிறவனுடைய தொழில் முழுக்க இந்தக் கோட்டை ஒரு விரல்கடை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும்தான்.

பஸ் ஸ்டாண்டில் தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையில் போலியோ வந்து தொடையின் முன்தசை செத்துப்போனவர்கள். முழங்கால் மடிந்துவிடாமல் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். அவர்களுடைய பேண்டில் தொடைப் பகுதி மட்டும் வெளுத்திருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்த நடை இல்லை அது. ஐந்து வயதுக் குழந்தை தானே இயற்பியலைக் கண்டுபிடித்து, அறுபது வயது வரை அதை வைத்து உழைத்துச் சம்பாதித்திருக்கிறது. அதனால்தான் நான் எந்தக் காலையும் உடனே தொடமாட்டேன். முதலில் நடக்கச் சொல்வேன். உடம்பு என்ன வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் அதைத் திருத்தப் போனால் வம்பு.

ஒரு இளைஞர் வந்தார். போலியோவால் ஒரு கால் குதிகால் தூக்கி, விரல்முனையில் நடந்தவர். பார்க்க அழகாக இல்லை என்று வீட்டார் வெளியூரில் ஒரு மருத்துவமனையில் குதிகால் நாணை நீட்டிவிட்டிருக்கிறார்கள். பாதம் தட்டையாக வந்துவிட்டது, ஆனால் அதிலிருந்து முழங்கால் திடீர் திடீரென்று மடிந்து விழ ஆரம்பித்தார். நான் சொன்ன கோட்டை வைத்துப் பாருங்கள். அவருக்கும் தொடைத் தசை பலவீனம். விரல்முனையில் ஊன்றியதால் கோடு முழங்காலுக்கு முன்னால் போய், பூட்டுப் போட்டதைப் போல முழங்காலை நிறுத்தி வைத்திருந்தது. குறை என்று நினைத்ததுதான் கைத்தடியாக இருந்திருக்கிறது. பிறகு அவருக்கு, கணைக்காலின் முன்பக்கத்தை அழுத்திப் பிடிக்கிற வகையில் ஒரு தாங்கி செய்தேன். பாதம் ஊன்றியதும் முன்பக்கத் தகடு முழங்காலைப் பின்னே தள்ளும். அறுவை பறித்ததில் பாதியைப் பிளாஸ்டிக் திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம். முழுதும் வரவில்லை.

இடையில் ஒன்று. நம் ஆட்கள் அன்னநடை என்று கொண்டாடுவார்கள். எனக்கு அது தொழில் முறையில் கவலை தருகிற நடை. அன்னமோ வாத்தோ இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து போகும். மனிதர் அப்படிப் போனால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் இரண்டு பக்கமும் பலவீனம் என்று குறிப்பேட்டில் எழுதுவோம். கதாநாயகியின் இடுப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, முனை தேய்ந்த அந்த இடது செருப்புக்கு, அதாவது பாதம் தொங்குவதற்கு வருவோம். பக்கவாதத்தில் வரும், தொழுநோயில் வரும், முதுகுத்தண்டு நரம்பு அழுந்தினாலும் வரும். நம் பக்கத்தில் நான் அடிக்கடி பார்க்கிற இன்னொரு காரணம் உட்காரும் விதம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு உத்தரவு போவது அதன் வழியாக. மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து களை எடுத்தாலும், கால்மேல் கால் மடித்துச் சம்மணம் போட்டு வேலை பார்த்தாலும் அந்த நரம்பு நசுங்கும். எழுந்தால் பாதம் சொன்னபடி கேட்காது. நரம்பு அறுபடாமல் நசுங்கியது மட்டும் என்றால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே திரும்பிவிடும். அதுவரை தடுக்கி விழாமல் இருக்க ஒரு தாங்கி போதும். செய்வினை, காத்துக் கருப்பு என்று அலைகிறவர்கள் அந்த மாதங்களை மந்திரித்தவருக்குத் தாரை வார்த்துவிடுகிறார்கள். நரம்பு தானாகச் சரியாகும். பெயர் அவருக்குப் போகும்.

தாங்கி எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு ஊர்ப்பெருமையும் உண்டு. காலுக்கு மெல்லிய உறை போட்டு, எலும்பு துருத்துகிற இடங்களை அழியாத பென்சிலால் குறிப்போம். மேலே ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றுவோம். பேண்டேஜ் துணி என்றால் பக்கத்திலிருக்கிற சத்திரப்பட்டித் தறிகளைச் சொல்லாமல் முடியாது. மருத்துவமனைகளில் சுற்றுகிற துணியை ஒரு ஊரே உட்கார்ந்து நெய்கிறது. மாவு இறுகும் வரை அந்தக் காலை நான் சரியான கோணத்தில் பிடித்திருக்க வேண்டும். நாலைந்து நிமிடம்தான், ஆனால் அந்த நிமிடங்களில் கை அசைந்தால் மூன்று வருடத்துக்கு அந்த மனிதர் என் கை நடுக்கத்தோடு நடப்பார்.

வெட்டிக் கழற்றிய கூட்டுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் கால் மாதிரியே ஒரு பொம்மைக் கால் கிடைக்கும். அதை அரத்தால் ராவி, எடை தாங்கும் இடத்தில் கொஞ்சம் எடுத்து, எலும்பு முட்டும் இடத்தில் மாவு வைத்து உயர்த்துவோம். நான் சொன்ன அந்த எலும்புக் குமிழுக்கு மேல் தாங்கியின் விளிம்பு ஏறவே கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழேயே நிறுத்த வேண்டும். தொங்குகிற பாதத்துக்குச் செய்த தாங்கியே அந்த நரம்பை நசுக்கினால் அதைவிடக் கேவலம் உண்டா? பிறகு பாலிபுரோப்பிலீன் தகட்டை அடுப்பில் வைப்போம். பால் நிறத்தில் இருந்தது சூடேறக் கண்ணாடி மாதிரி தெளியும். அந்த நொடியில் எடுத்து மாவுக்காலின் மேல் போர்த்தி, உள்காற்றை உறிஞ்சினால் ஈரத்துணியைப் போல ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் விளிம்பு வெட்டுவது கடைசி வேலை. கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வெட்டினால் தாங்கி வில்லைப் போல வளைந்து கொடுக்கும். முன்னால் வரை விட்டால் அசையாமல் நிற்கும். ஒரே தகடு, ஒரே கால். கத்தி எங்கே போகிறது என்பதில்தான் இரண்டும் வேறு வேறு மருந்து ஆகின்றன. முகாமில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற தாங்கிகள் பல வீடுகளில் பரணில் கிடப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆனால் அளவெடுத்துச் செய்த தாங்கியும் பரணுக்குப் போகும். அது என் கதை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒரு பெரியவர். பெரிய வாணலியின் முன்னால் நின்றே வாழ்ந்தவர். பக்கவாதத்தில் இடதுபக்கம் விழுந்து, கை ஓரளவு திரும்பியது, பாதம் தொங்கியது. முழங்காலும் பின்பக்கம் சற்று வளைகிற மாதிரி இருந்தது. அசையாத வகைத் தாங்கி செய்து, பின்பட்டை வைத்த காலணிக்குள் வைத்துக் கட்டி நடக்கவிட்டேன். பட்டறை ஓரத்தில் பத்து மீட்டர் கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன தடவை எடுத்த நேரத்தில் பாதியில் கடந்தார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து முழங்காலின் பின்குழியில் வலி என்று வந்தார். தாங்கியைப் பார்த்தேன், சரி. காலணியைப் பார்த்தேன், புதுசாக இருந்தது. மூன்று மாதம் போட்டு நடந்த காலணி புதுசாக எப்படி இருக்கும்?

“ஐயா, வீட்டுக்குள்ள எப்படி நடப்பீங்க?”

“இதைக் கட்டிக்கிட்டுத்தான் தம்பி.”

“செருப்போடயா?”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “வீட்டுக்குள்ள எவன் தம்பி செருப்புப் போடுவான்?”

ஒரு நாளில் அவர் தெருவில் நடப்பது கால்மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வீடு. நடையில் காலணியைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். காலணியின் குதிகால் அதன் முன்பகுதியைவிட ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். அந்த உயரம் கணைக்காலை மேலும் சுமார் ஐந்து டிகிரி முன்னோக்கிச் சாய்த்து வைத்திருந்தது. நான் கணக்குப் போட்டது அந்தச் சாய்வோடு. காலணி போனதும் அந்தச் சாய்வும் போனது. கணைக்கால் நிமிர்ந்து, கோடு முழங்காலுக்கு முன்னால் ஓடி, ஒவ்வொரு அடியிலும் முழங்காலைப் பின்னுக்கு உதைத்துக்கொண்டிருந்தது. வேல்ஸில் பணியாற்றிய எலேன் ஓவன் என்ற இயன்முறை மருத்துவர் இதை அழுத்திச் சொன்னவர்: நடுஅடியில் கணைக்கால் செங்குத்துக் கோட்டிலிருந்து 10, 12 டிகிரி முன்சாய்ந்து இருக்க வேண்டும், தாங்கியைத் தனியாக அளக்காதே, தாங்கியையும் காலணியையும் சேர்த்து ஒரே பொருளாக அளந்துகொள். நான் அதைப் படித்திருந்தேன். படித்து, ஒப்புக்கொண்டு, அதன்படியே செய்தேன். வேல்ஸில் பலர் வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. பட்டறையில் அவர் நடந்தபோது நான் கண்டது அவருடைய நாளில் கால்மணி நேரத்தை மட்டும்.

அவர் வீட்டுக்குப் போனேன். சிவப்புப் பூச்சுத் தரை, கண்ணாடி மாதிரி. வெறும் பிளாஸ்டிக் வைத்தால் வழுக்கிவிடும். வீட்டுக்கென்று தனிச் செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். அந்த அம்மா தலையாட்டினார்கள், ஆனால் முகம் ஒப்பவில்லை. பூஜை அறையைத் தாண்டித்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும். கடைசியில் தாங்கியின் அடியிலேயே எம்.சி.ஆர். என்கிற நுண்ணறை ரப்பரை ஆப்பு வடிவில் செதுக்கி ஒட்டினேன், குதிகாலில் ஒன்றரை சென்டிமீட்டர், முன்னே போகப் போகக் குறைந்து. முனையைக் கொஞ்சம் உருட்டிவிட்டேன், காலை எடுக்கும்போது உருளட்டும் என்று. வெளியே போகும்போது மேலே மாட்டிக்கொள்ள உள்ளே தட்டையான ஒரு செருப்பு. அந்த அம்மா தாங்கியைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

“இது செருப்பு இல்லீங்களே ஐயா?”

“இல்லம்மா. கட்டு. மாவுக்கட்டு மாதிரி.”

“அப்போ சரி.”

நல்ல ரப்பர் முட்டுக்கட்டைக்கு ஒரு சொல் மாற்றமும் தேவைப்பட்டது. வலது காலுக்கும் ஈடாக ஒரு துணிச்செருப்பு வேண்டியிருந்தது. அதற்கு ‘காலுறை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பின்குழி வலி இரண்டு மாதத்தில் குறைந்தது. அதன்பிறகு யார் வந்தாலும் என் முதல் கேள்வி வீட்டுத்தரை என்ன தரை என்பது. படி எத்தனை, கழிப்பறை எந்த வகை, சாப்பிடுவது கீழே உட்கார்ந்தா மேசையிலா, கோயிலுக்குப் போவீர்களா, தறியில் உட்காருவீர்களா. குழித்தறியில் மிதியை மிதிக்க வேண்டிய காலுக்கு அசையாத தாங்கி போட்டால் அவருக்கு நடை வந்து பிழைப்பு போய்விடும்.

இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் ரப்பர் பாதம் செய்தார்கள். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால்கள் ஷூ போட்டால்தான் நடக்கும். குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. இவர்கள் செய்தது வெறுங்காலோடு வயலில் இறங்குகிற பாதம். விரல்கூட வைத்து, தோல் நிறத்தில் செய்தார்கள். சர்மா அதிகம் படித்தவர் இல்லை. சேத்திக்கு மகசேசே விருது வந்தது 1981இல். சர்மாவின் பெயரையும் சேர்த்தே நான் எப்போதும் சொல்வேன். கைவேலை செய்கிறவனின் பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பக்கத்தில், தென்காசிக்கு அருகே ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் கடற்படைத் தேர்வில் உயரத்திலிருந்து குதித்தபோது கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர், ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ வந்தது. பெரிய நகரத்துக்கு ரயிலேறிப் போய்ப் பெற வேண்டிய மறுவாழ்வுப் பயிற்சியும் உபகரணமும் கிராமத்துக்கு வந்தது அவரால். காலிப்பரின் ஒரு திருகு கழன்றால் அதை மாட்ட எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்பதுதான் அந்தக் காலிப்பரின் ஆயுள்.

இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரி 13, ஹவுராவில். 2014 மார்ச் 27இல் நமக்கு ஒழிப்புச் சான்றிதழ் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்ட தலைமுறை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பலருக்கு ஐம்பது, அறுபது வயது. இத்தனை வருடம் இரட்டை வேலை பார்த்த தசைகள் இப்போது சோர்கின்றன. கையை ஊன்றி நடந்தவர் தோள்வலி என்று வருகிறார். தொடை வரை போகிற கம்பிக் காலிப்பரை, வளையப் பூட்டு போட்டதை, சின்ன வயதில் தூக்கி எறிந்தவர்கள் மறுபடி கேட்டு வருகிறார்கள். ஏன் எறிந்தீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். கல்யாணப் பந்தியில் தரையில் இலை போடுகிற காலம். பூட்டைத் தூக்கி மடக்கினாலும் சம்மணம் வராது, காலை நீட்டினால் எதிர்வரிசை இலையில் இடிக்கும் என்றார். கம்பியின் எடை அவருக்குப் பெரிதாக இல்லை. பந்தியில் எல்லோரும் பார்த்ததுதான். இப்போது மேசைப் பந்தி வந்துவிட்டது, கொடுங்கள் என்றார்.

போலியோ காலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதற்கு வலி தெரியும். தாங்கி ஒரு இடத்தில் உரசினால் மறுநாளே வந்து என்னைத் திட்டுவார்கள். நான் பயப்படுவது திட்டாத கால்களுக்கு.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம். அவர் கண்டது வேறு. நோய் உணர்ச்சியைத்தான் எடுக்கிறது, வலி தெரியாத பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுகிறது, புண் வருகிறது, அதன்மேலேயே நோயாளி நடக்கிறார். நமக்குக் கல் குத்தினால் அறியாமலே நொண்டுவோம், அந்த நொண்டல்தான் மருந்து. அவர்களுக்கு நொண்டத் தெரியாது. வேலூரிலும் கரிகிரியிலும் அதற்காகச் செருப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்கள். மெத்தென்று அழுந்தி அழுத்தத்தைப் பரப்புகிற நுண்ணறை ரப்பர், அதாவது நான் பெரியவரின் தாங்கியில் ஒட்டிய அதே எம்.சி.ஆர்., இந்தத் தேவையிலிருந்து நமக்கு வந்தது.

இன்றைக்கு அந்த அறிவு அதிகம் தேவைப்படுவது சர்க்கரை நோயாளிகளுக்கு. பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரை இருந்து பாதம் மரத்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடக்கிறீர்கள். பக்கத்தில் பேரன் துள்ளித் துள்ளி ஓடுகிறான். நீங்கள் நிதானமாகச் சுற்றி வருகிறீர்கள். அது பக்தியின் நிதானம் என்று வீட்டில் நினைப்பார்கள். மறுநாள் உள்ளங்காலில் கொப்புளம். இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களுக்கும், அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? விடியலில் போங்கள். தேங்காய்நார் விரிப்பு போட்ட பாதையில் போங்கள். மலையேறும்போது எம்.சி.ஆர். செருப்போ மூடிய காலணியோ போட்டுக்கொண்டு, உள்ளே கல் கிடக்கிறதா என்று கையைவிட்டுப் பார்த்து மாட்டுங்கள். திரும்பி வந்ததும் நடையில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்; இல்லாவிட்டால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செருப்பைப் பற்றி இன்னொன்று. முட்டிவலிக்குச் செருப்பில் வெளிப்பக்க ஆப்பு வைத்தால் சரியாகும் என்று விற்கிறார்கள். ஆப்பு உள்மூட்டின் சுமையைக் கொஞ்சம் குறைப்பது உண்மை. வலியைக் குறைக்கிறதா என்று செய்த நல்ல சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள், காசு மிச்சம்.

கடைசியாக ஒன்று. பெரிய நகரங்களில் நடை ஆய்வுக் கூடங்கள் இருக்கின்றன. பல கேமராக்கள், உடம்பில் ஒட்டுகிற பொட்டுகள், தரைக்கடியில் எடைத்தட்டுகள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பெரிய அறுவை செய்வதற்கு முன் அங்கே போவது நல்லது. மற்றபடி உங்கள் கைபேசி போதும். முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்தால் கோணம் பொய் சொல்லும். பக்கவாட்டில் ஒன்று, எதிரே ஒன்று, பின்னால் ஒன்று. வேட்டியையும் சேலையையும் முழங்கால் தெரிகிற அளவு தூக்கிச் செருகச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் தொடுவது குதிகாலா, விரலா? நடுஅடியில் முழங்கால் பின்னே போகிறதா? காலை முன்னே கொண்டுபோக இடுப்பைத் தூக்குகிறாரா, அரிவாள் வீசுவதைப் போலப் பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுவருகிறாரா? இதையெல்லாம் வீட்டுக்குள்ளே, வெறுங்காலோடும் ஒரு தடவை எடுங்கள். பட்டறைக்கு வருகிறவர்களில் அந்தப் படத்தோடு வருகிறவருக்கு என் வேலை பாதி முடிந்தது.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கீழே இறங்கி வந்து பேசுகிறேன். அந்த இடது செருப்புக்காரர் கூட்டம் கலைந்தபின் வந்தால் போதும். எல்லோரும் போகட்டும், நான் வாசலில்தான் நிற்பேன். முதலில் வெறுங்காலோடு பத்தடி நடந்து காட்டுங்கள், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பத்தடி. சம்மணம் போட்டு உட்கார்கிற வேலையா என்று மட்டும் யோசித்துக்கொண்டே வாருங்கள்.